நான்கு பேரின் பாட்டு, ஒருவரின் கையெழுத்து

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாப் இசைக்குழு நடத்துகிறோம். எங்களையே நடிக்க வைத்து ஒரு தயாரிப்பாளர் முழுநீளப் படம் எடுக்கிறார். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் செட் போட்டு 12 நாள் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. படத்தில் ஐந்து பாட்டு. மூன்று நாங்கள் முன்பே வெளியிட்டவை, இரண்டு படத்துக்காகப் போட்டவை. எல்லாமே நால்வரும் உட்கார்ந்து உருவாக்கியவை. ஒப்பந்தத்தில் எங்கள் பாடகர் மட்டும் கையெழுத்துப் போட்டார். ‘குழுவின் எல்லாப் பாடல்களின் உரிமையும் தயாரிப்பாளருக்கே’ என்று அதில் இருப்பதை இப்போதுதான் பார்த்தோம். இனி மேடையில்கூட அவற்றைப் பாடக் கூடாது என்கிறார் தயாரிப்பாளர். அடுத்த ஷெட்யூலுக்குப் போகலாமா? — குழுவின் டிரம்மர்

பதில்: போகலாம். ஆனால் மேக்கப் போடும் முன் ஒரு கடிதம் போயிருக்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். உரியவரோ அவர் முறையாக அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்திட வேண்டும். எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எவ்வளவு தொகை என்பதும் அதில் இருக்க வேண்டும். ‘எல்லாப் பாடல்களும்’ என்ற ஒற்றை வரி இந்தச் சோதனையில் தேறுவது கடினம். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், பாடகர் உங்கள் மூவருக்காகக் கையெழுத்துப் போட யார் சொன்னது? வாட்ஸ்அப்பில் யாராவது ‘நீயே போட்டுடு’ என்று எழுதியிருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். தயாரிப்பாளரின் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். அப்படி எதுவும் இல்லையென்றாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நம் பெயரில் ஒருவர் அதிகாரமில்லாமல் செய்ததை நம் நடத்தையாலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 197ஆம் பிரிவு. ஒப்பந்தத்தைப் படித்த பிறகும் வாய் திறக்காமல் இன்னும் பத்து நாள் நடித்துக் கொடுத்தால் அந்த வாதம் வலுக்கும். கடிதம் அதற்காகத்தான்.

அதில் மூவரும் எழுதுங்கள்: பாடல்களை மாற்றிக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை, இந்த ஐந்து பாடல்களையும் இந்தப் படத்தில் பயன்படுத்தச் சம்மதம், மேடை உரிமை எங்களிடமே இருக்கும், நால்வரும் கையெழுத்திடும் துணை ஒப்பந்தம் வேண்டும். மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். இந்தக் கையெழுத்து தயாரிப்பாளருக்கும் தேவை. செட்டில் நீங்கள் வாசித்தது உங்கள் நிகழ்த்துகை. அதைப் படத்தில் சேர்க்க எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்கியிருந்தால்தான், பின்னால் நீங்கள் ஆட்சேபிக்க முடியாது என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கும். நாளை ஓடிடிக்கோ ஆடியோ நிறுவனத்துக்கோ விற்கப் போனால், அவர்கள் கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான்.

படத்துக்காகப் போட்ட இரண்டு பாட்டைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுவீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த 2012 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. படத்துக்காகப் பணம் கொடுத்து எழுத வைத்தார் என்பதால் மட்டும் வரியும் மெட்டும் தயாரிப்பாளருடையது ஆகிவிடாது. நீங்களே உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சம பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினால் அந்த ஷரத்து செல்லாது. ஆனால் படத்துக்கென்று அவர் செலவில் பதிவான ஒலிப்பதிவு வேறு விஷயம், அதன் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளருக்குத்தான். பழைய மூன்று பாட்டுக்கு நீங்கள் முன்பே செய்த பதிவுகள் உங்களுடையவை.

ஷெட்யூலைப் புறக்கணிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நீதிமன்றம் உங்களை நடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. ஆனால் செட் வாடகை முதல் ஆட்களின் சம்பளம் வரை நஷ்ட ஈடு கேட்டு அவர் வழக்குப் போடலாம்.

பாடகரிடம் இன்றே பேசுங்கள். அவரும் நான்காவதாக அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.