கேள்வி நேரத்தில் கவிழாமல் இருக்க

கேள்வி: மூதூரில் நுண்கடன் எடுத்த 24 பெண்களிடம் பேட்டி எடுத்திருக்கிறேன். வளாக ஆய்வரங்கில் 15 நிமிடம் பேசவேண்டும். ஸ்லைட் 38 ஆகிவிட்டது. எதை வெட்டலாம்?
– மாணவி, மூதூர்

பதில்: முதல் பதினைந்தை வெட்டுங்கள். நுண்கடன் என்றால் என்ன, எந்த நாட்டில் தொடங்கியது என்பதெல்லாம் சபைக்குத் தெரியும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90, 100 சொல்தான் போகும். ஆக, 1,400 சொல்லுக்குள் எழுதி, ஸ்லைட்டைப் பத்துக்குள் நிறுத்துங்கள். யாரிடம், எங்கே, எப்போது கேட்டீர்கள் என்பதற்கு மட்டும் நான்கு நிமிடம் வையுங்கள். ஆளைக் கவிழ்க்கிற இடம் அதுதான்.

ஒருவரைப் பிடித்து அவர் மூலம் அடுத்தவர் என்று போயிருந்தால், 24 பேரும் எத்தனை கடன்குழு என்று எண்ணிப்பாருங்கள். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் பெண்களுக்குள்ளேயே சுற்றினால் நான்கைந்து குழுவின் கதைதான் கைக்கு வரும். கட்டுக்காசு கட்டமுடியாமல் ஊரைவிட்டுப் போனவரிடம் அந்தக் குழு உங்களைக் கூட்டிப்போயிராது. தவணைக் காசு சேகரிக்கும் நாளில், சென்டர் (கடன்குழுக்களின் கூட்டம்) கூடும் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருந்தால் இன்னும் மோசம். லீடர் பக்கத்தில் இருக்கும்போது யார் வாய் திறப்பார்? சபை கேட்கும்வரை காத்திராமல் இந்தக் குறையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

24 பேருக்கு வீதம் போடவேண்டாம். 37.5 வீதம் என்பது 9 பெண்கள். ஒருவர் பதிலை மாற்றினாலே நாலு வீதத்துக்கு மேல் ஆடும். '24 பேரில் 9 பேர்' என்றே எழுதுங்கள்.

கடன் எடுத்த ஆண்டையும் அட்டவணையில் ஒரு நிரலாகச் சேருங்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசு தள்ளுபடி அறிவித்தது. உங்கள் மூதூர் இருக்கும் திருகோணமலையும் அதில் அடக்கம். 2022இல் ரூபாய் விழுந்தது. ஆண்டு இல்லாமல் போட்டால் 2017இன் 50,000மும் 2023இன் 50,000மும் ஒரே சுமையாகத் தெரியும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடப்பது: பாமினியில் தட்டச்சு செய்த ஸ்லைட், அந்த எழுத்துரு இல்லாத மண்டபக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், பிடிஎஃப் பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும்.

கேள்வி: பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். அப்படியிருந்தும் 'ஆள் தெரிகிறது' என்கிறார் மேற்பார்வையாளர். ஏன்?
– வாசகர், குச்சவெளி

பதில்: பெயரை விடத் தொழில்தான் காட்டிக்கொடுக்கும். திருகோணமலை மாவட்டத்தில் 230 கிராம அலுவலர் பிரிவுகள், பிரிவுக்கு ஓர் அலுவலர். 'இப்பிரிவின் பெண் கிராம அலுவலர்' என்று எழுதினால் ஊரே விரலை நீட்டும். 'ஓர் அரச உத்தியோகத்தர்' போதும். ஊர், வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை நான்கையும் ஒரே மேற்கோளின் கீழ் போடாதீர்கள், இரண்டைக் கழற்றுங்கள். பிறகு, ஆய்வில் சேராத அதே ஊர்க்காரர் ஒருவரிடம் ஊர் விவரமில்லாத ஒரு பத்தியை வாசிக்கக் கொடுத்து ஆளை ஊகிக்கிறாரா என்று பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஊகித்துவிட்டால் இரகசியம் அப்போதே போய்விட்டது. அந்த வேலைக்கு வெளியூர்ச் சக மாணவர்தான் சரி.

கேள்வி: சபையில் சிங்கள மாணவர்களும் இருப்பார்கள். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, உப்புவெளி

பதில்: ஒரு பக்கச் சுருக்கத்தைச் சிங்களத்தில் அச்சிட்டு, பேச்சுக்கு முன்பே கொடுங்கள். மொழிபெயர்த்ததை இன்னொருவரைக்கொண்டு திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். 'சீதன வீடு' போன்ற சொல் அங்கேதான் வழுக்கும்: கிழக்கில் மகளுக்கு எழுதிக்கொடுக்கும் வீடு, மொழிபெயர்ப்பில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகும் பணமாகிவிடும். அந்த மாதிரிச் சொல்லைத் தமிழிலேயே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடுங்கள்.