மகனுக்கு எந்த மணிக்கூடு?

கேள்வி: மகன் தினமும் புறக்கோட்டைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். குறைந்த விலையில் நீடித்து உழைக்கும் மணிக்கூடு எது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, யோசிக்காமல் கேசியோ எஃப்-91டபிள்யூ வாங்கிக் கொடுங்கள். 1989இல் வந்த மாதிரி, இன்றும் விற்கிறது. ஒரு பற்றரி ஏறத்தாழ 7 வருடம் ஓடும். என்னுடையது பஸ் கம்பியில் எத்தனையோ முறை இடிபட்டிருக்கிறது. முகப்பு பிளாஸ்டிக், அதனால் கீறல் நிறைய, உடையவில்லை.

முதலில் போவது வார்தான். கொழும்பு வியர்வையில் இறுகிப்போய், கொக்கி மாட்டும் துளையருகே வெடிக்கும். எனக்கு மூன்றாம் வருடமே வெடித்தது. இரவில் கழற்றி ஈரத்துணியால் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். மழைத்தூறல் பரவாயில்லை, கல்கிசைக் கடலில் இறங்கினால் கழற்றிவிட வேண்டும். அப்புறம், நடைபாதையில் வாங்காதீர்கள், போலிகள் உண்டு.