ஸ்பானிய நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புக்குப் பரிந்துரைக்கும் முன் எவற்றைப் பார்ப்பீர்கள்?

ஆங்கிலப் பதிப்பகங்களுக்காக ஸ்பானிய நாவல்களை வாசித்து அறிக்கை எழுதித் தருவது சில ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்று. அங்குள்ள பதிப்பாசிரியர்கள் பலருக்கு ஸ்பானியம் தெரியாது என்பதால், நூலை வாங்குவதா வேண்டாமா என்பதை அவர்கள் பெரும்பாலும் நான்கைந்து பக்க அறிக்கையையும் சிறு மாதிரி மொழிபெயர்ப்பையும் நம்பியே முடிவு செய்கிறார்கள். ஆகவே நான் தவறாகப் படித்தால், ஒரு நல்ல நூல் பல ஆண்டுகளுக்கு ஆங்கிலத்துக்கு வராமலே போகக்கூடும்.

நான் முதலில் பார்ப்பது நூலை ஆங்கிலத்தில் வெளியிடும் உரிமை இன்னும் விற்கப்படாமல் இருக்கிறதா என்பதைத்தான். தொடக்கத்தில் ஒரு மெக்சிகோ நாவலை இருமுறை வாசித்து, மூன்று வாரம் செலவிட்டு அறிக்கை எழுதி முடித்த பிறகே அதன் உரிமை முன்பே கைமாறிவிட்டதை அறிந்தேன். இப்போது இலக்கிய முகவரிடமிருந்து பதில் வந்த பிறகுதான் நூலைத் திறக்கிறேன்.

பரிசு பெற்ற நூல் என்பதை நான் சான்றாகக் கொள்வதில்லை. ஸ்பெயினின் பெரிய பரிசுகளில் சில, இன்னும் அச்சேறாத படைப்புகளுக்குப் பதிப்பகங்களே வழங்குபவை. 10 லட்சம் யூரோ கொண்ட பிளானெட்டா பரிசும் அந்த வகையைச் சேர்ந்ததே. சுதந்திரமான புத்தகக் கடைக்காரர்களும் பிற நாட்டு மொழிபெயர்ப்பாளர்களும் ஒரு நூலைப் பற்றித் தாமாகவே பேசத் தொடங்கினால், அதைத்தான் தேடிப் படிக்கிறேன்.

புதிய நூலாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அர்ஜென்டினாவின் கிளாவுதியா பின்யேய்ரோ எழுதிய ‘எலேனா சபே’ 2007இல் வெளிவந்தது. பிரான்சிஸ் ரிடிலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடின்பரோவின் சார்கோ பதிப்பகம் 2021இல்தான் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. பார்க்கின்சன் நோயுள்ள ஒரு தாய், மகளின் சாவுக்கு விடை தேடிப் புவெனஸ் ஐரெஸ் நகரை ஒரே நாளில் கடக்கிறாள். அவள் விழுங்கும் மாத்திரைகளின் நேரமே கதையின் நேரமாகிறது. துப்பறியும் கதை என்று ஒரு வரியில் சுருக்கி எழுதும் அறிக்கை இந்நூலைக் கொன்றிருக்கும். நூலின் வடிவம் என்ன செய்கிறது என்பதை எழுதத் தெரியாவிட்டால், கதைச் சுருக்கத்தால் பயனில்லை.

செலவைப் பற்றி அறிக்கையில் இரண்டு வரி போதும். ஸ்பெயினின் கலாச்சார அமைச்சகம், அர்ஜென்டினாவின் சுர் திட்டம், இங்கிலாந்தின் பென் என்னும் எழுத்தாளர் அமைப்பு ஆகியவை மொழிபெயர்ப்புக்கு நிதியுதவி வழங்கி வந்திருக்கின்றன. எது பொருந்தக்கூடும் என்று குறிப்பிட்டால் சிறு பதிப்பகங்களுக்குத் தயக்கம் குறையும்.

என் தேர்வில் கடைசி வரை நிற்கும் கேள்வி, நூலின் குரல் மொழி கடந்து உயிரோடு இருக்குமா என்பதே. ஆந்திரேயா அப்ரேயுவின் ‘பான்சா தே புர்ரோ’ 2020இல் வெளிவந்த நாவல். ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபேயின் வடபகுதியில் வாழும் இரு சிறுமிகளின் ஒரு கோடையைக் கனேரியப் பேச்சுவழக்கிலேயே சொல்கிறது. தலைப்பின் நேர்ப்பொருள் ‘கழுதையின் வயிறு’. அப்பகுதியில் தாழ்ந்து கவிந்து வெயிலை மறைக்கும் மேகத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் அது. ஜூலியா சான்ச்செஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் வந்தபோது தலைப்பில் கழுதையும் இல்லை, மேகமும் இல்லை. ‘கோடையின் நாய்கள்’ என்றாகிவிட்டது. அதை இழப்பென்று நான் நினைக்கவில்லை. அச்சிறுமிகளின் மூச்சுவிடாத பேச்சு ஆங்கிலத்திலும் கேட்கிறதா என்பதே முக்கியம், கேட்கிறது என்பதே என் கருத்து.

இதனால்தான் மாதிரி மொழிபெயர்ப்புக்கு நூலின் அழகான முதல் பக்கத்தை நான் எடுப்பதில்லை. வட்டார வழக்கும் வசையும் சிலேடையும் மண்டிய, ஆகக் கடினமான ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அடிக்குறிப்பு ஏதுமின்றி மொழிபெயர்த்து, ஸ்பானியம் அறியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுக்கிறேன். அவர் அடுத்த பக்கத்தைக் கேட்டால், அறிக்கையின் முதல் வரியிலேயே ‘வாங்குங்கள்’ என்று எழுதிவிடுகிறேன்.