நண்பர்களோடு ஐந்து நாள் பயணம்: வீட்டு ஒழுங்கில் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

கேள்வி: எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகளும் எட்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். நண்பர்கள் இரண்டு குடும்பத்தோடு ஐந்து நாள் வெளியூர் போகலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பேருமே பதின்வயதுப் பிள்ளைகள். இன்னொரு தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. நள்ளிரவு தாண்டியும் அரட்டை அடித்தால்தான் அவர்களுக்கு விடுமுறை. எங்கள் வீட்டில் எட்டரைக்கு விளக்கு அணைந்துவிடும். போன தடவை மூன்றாம் நாளே குழந்தைகள் ஓயாமல் அழுது, நாங்கள் எரிந்து விழுந்து, எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. திரும்பி வந்தும் ஒரு வாரம் தூக்கம் தாறுமாறு. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: போய் வாருங்கள். வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் அங்கேயும் நடத்தப் பார்த்தால் நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன தடவையே பார்த்துவிட்டீர்கள். தூக்கம், சாப்பாட்டு நேரம் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். குளிக்கும் நேரம், வீட்டுப்பாடம், டிவி கட்டுப்பாடு எல்லாம் ஐந்து நாள் தளர்ந்தால் குடி முழுகிவிடாது. ஆனால் பிடித்துக்கொண்ட அந்த இரண்டையும் இடம் பதிவு செய்வதற்கு முன்பே நண்பர்களிடம் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அது புகார் போலக் கேட்கும். இப்போதே சொன்னால் அது வெறும் தகவல்.

முதலில் தூக்கக் கணக்கு. 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி பரிந்துரைக்கிறது. உங்கள் மகன் ஒருநாள் பத்து மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தாலும் ஒன்பது மணி நேரம் கிடைத்துவிடுகிறது. மகளுக்கு அதே ஒன்பது மணி நேரம் போதாது. சின்னக் குழந்தைகள் பலர் தாமதமாகப் படுத்தாலும் வழக்கமான நேரத்துக்கே விழித்துவிடுவார்கள். அந்தக் குறை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். உங்களுக்கு மூன்றாம் நாள் வெடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அதனால் இருவருக்கும் ஒரே சட்டம் வேண்டாம். மகன் இரண்டு இரவுகள் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கட்டும். அவனுக்கு அது பெரிய கௌரவம். மகளுக்கு இரவில் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனால் போகட்டும், மதியத் தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்டியில் கண்ணயர்வதை நம்பி இருக்கவும் வேண்டாம். வண்டி நின்றதும் பாதியில் விழித்து அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. மதியம் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்புவதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பெரியவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் குறட்டை விடுவார்கள், பாருங்கள்.

முதல் இரவு எப்படியும் சுமாராகத்தான் இருக்கும். புது இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். அந்த ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. ஆனால் புது அறையில் புரண்டு புரண்டு படுக்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் நாள் காலையில் எதையும் வைக்காதீர்கள். வீட்டில் போர்த்திக்கொள்ளும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். பழகிய வாசனை குழந்தைக்கு ஒரு தெம்பு. பல் தேய்ப்பது, கதை, விளக்கு என்ற வரிசையையும் மாற்ற வேண்டாம். மணி மாறினாலும் வரிசை மாறாமல் இருந்தால், அடுத்தது தூக்கம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

இடம் பார்க்கும்போது அழகான படங்களில் மயங்காமல் அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கேளுங்கள். உங்கள் படுக்கையறையும் எல்லோரும் உட்கார்ந்து பேசும் இடமும் ஒட்டியிருந்தால், தினமும் இரவு யாராவது யாரையாவது “உஷ்” என்று அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்புறம், குழந்தையோடு அறைக்குள் இருப்பது யார் என்பதைக் கணவனும் மனைவியும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இன்று ஒருவர், நாளை மற்றவர். பேசாமல் விட்டால் அது ஒருவர் தலையிலேயே விழும், பெரும்பாலும் அம்மா தலையில்.

நண்பர்களிடம் சொல்வது எப்படி என்று தயங்குகிறீர்களா? இப்படி எழுதுங்கள்: “நாங்கள் கண்டிப்பாக வருகிறோம். சின்னவள் மதியம் தூங்கியே ஆக வேண்டும், இரவுச் சாப்பாடும் ஏழரைக்குள் முடிய வேண்டும். நீங்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், உங்கள் திட்டப்படி சுற்றுங்கள். எங்களில் ஒருவர் இரவு அரட்டைக்கு நிச்சயம் இருப்போம்.” இதில் மன்னிப்பும் இல்லை, கட்டளையும் இல்லை. குழந்தை இல்லாதவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். அவர்களுக்குத் தெரியாததெல்லாம் உங்கள் வீட்டு நேரம் மட்டும்தான்.

குழுவில் “எல்லோருக்கும் சரியா?” என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஜெர்ரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1974-இல் ஒரு சம்பவத்தை எழுதினார். கொளுத்தும் வெயிலில் ஒரு குடும்பம் அபிலீன் என்ற ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் களைத்துத் திரும்புகிறது. பிறகு பேசிப் பார்த்தால் யாருக்குமே போக விருப்பம் இருந்திருக்கவில்லை. மற்றவர்களுக்காக ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். நண்பர்கள் கூட்டத்தில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் கண்டிப்பாக வேண்டும் என்பது ஒன்று, கண்டிப்பாக வேண்டாம் என்பது ஒன்று என்று ஒருவருக்குத் தனியாக அனுப்பட்டும். அவர் சேர்த்துப் பார்த்துத் திட்டம் போடட்டும்.

அந்தத் திட்டத்தில் ஒரு நாளைக்கு எல்லோரும் சேர்ந்து செய்வது ஒன்று, சேர்ந்து சாப்பிடுவது ஒரு வேளை, அவ்வளவு போதும். மற்ற நேரம் அவரவர் விருப்பம். பதின்வயதில் உடல் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்துவிடும். அந்தப் பிள்ளைகளை ஏழு மணிக்கு எழுப்புவது வீண் வேலை. காலை பத்து வரை உங்கள் குழந்தைகளோடு நீங்கள் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். பத்துக்குக் கிளம்புவது என்று பேசியிருந்தால் பத்தே முக்கால் என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று கானமன், டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். இங்கே மூன்று குடும்பங்கள் செருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டாம், இரண்டு பேர் உள்ள குடும்பமும் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். தங்குவது அறைக் கணக்கு, வண்டி இருக்கைக் கணக்கு, சாப்பாடு ஆள் கணக்கு. குழந்தையை அரை ஆளாக வைப்பதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். செலவை ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டு கடைசி நாளில் கணக்குப் பார்த்தால், மூன்று குடும்பத்துக்கும் அதிகபட்சம் இரண்டு பரிமாற்றத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

போன தடவை திரும்பிய பிறகு தூக்கம் கெட்டதற்கு, “பாவம்” என்று குழந்தைகளைக் காலையில் தூங்கவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். சீக்கிரம் படுக்க வைக்கப் போராடுவதைவிட, முதல் காலையிலிருந்தே வழக்கமான நேரத்துக்கு எழுப்பி வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், இரவுத் தூக்கம் தானாகப் பின்தொடரும். பள்ளி தொடங்கும் நாளுக்கு முந்தைய இரவில் வந்து இறங்காமல், வீட்டில் ஒரு முழு நாள் கிடைக்கும்படி திரும்புவதற்கான டிக்கெட்டைப் போடுங்கள்.