ஓட்ட ஆசையாகவும் இருக்கணும், அம்மா ஏறி இறங்கவும் வசதியாக இருக்கணும்

வாசகர் கேள்வி பதில்: வீட்டுக்கு இரண்டாவது கார்

கேள்வி: வீட்டில் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று இருக்கிறது. வெளியூர்ப் பயணம், கல்யாணம், கோயில் எல்லாம் அதில்தான். இரண்டாவதாக, ஓட்டி ரசிக்க ஒரு கார் வாங்க ஆசை. ஆனால் வார நாட்களில் 4 வயது மகளையும் 9 வயது மகனையும் பள்ளியில் விடுவதற்கு என் மனைவியும் அதைத்தான் எடுப்பார். மாதம் இரண்டு முறை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ஸ்விஃப்ட், ஐ20 என் லைன், விர்டஸ் மூன்றும் மனதில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: எந்த வேகத்தில் ரசிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அண்ணா நகரில் பள்ளிக்கும் கடைக்கும் போகும் கார் பெரும்பாலும் 20 முதல் 60 கி.மீ. வேகத்துக்குள்தான் ஓடும். அந்த வேகத்தில் சுகம் தருவது எஞ்சினின் பலம் அல்ல. வண்டியின் எடை குறைவாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங் திருப்பியதும் முன்பக்கம் உடனே திரும்ப வேண்டும், கியர் தடங்கலில்லாமல் விழ வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு மூலையும் தெரிய வேண்டும். இதெல்லாம் இருந்தால் திருமங்கலம் சிக்னலிலிருந்து கிளம்புவதே ரசிக்கும்படி இருக்கும்.

இந்தக் கணக்கில் ஸ்விஃப்ட்டுக்கு ஒரு பலம் உண்டு. 2024-இல் வந்த மாடலின் எடை ஏறத்தாழ 920 கிலோதான். அதனால் 82 குதிரைத்திறனே ஊருக்குள் தாராளம். குறையும் உண்டு. பழைய நாலு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக இப்போது மூன்று சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது அதிர்வு தெரியும். சக்கரங்களுக்கு இடையேயான தூரம் 2,450 மி.மீ., டிக்கி 265 லிட்டர். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தாராளமாக உட்காரலாம், மூன்று பெரியவர்கள் என்றால் நெருக்கடிதான்.

ஐ20 என் லைன் நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார். 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சக்கர இடைவெளி 2,580 மி.மீ., டிக்கி 311 லிட்டர். சாதாரண ஐ20-ஐவிட சஸ்பென்ஷன் இறுக்கமானது. டர்போ எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே விட்டால் சோம்பிப் போகும். மே மாத வெயிலில் ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே இழுக்காமல் இரண்டுக்கு இறங்குங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மூன்றில் இதுதான் கையில் சிரிக்கிற வண்டி.

விர்டஸ் அருமையான கார்தான். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது, நெடுஞ்சாலையில் நங்கூரம் போட்டதுபோல் ஆட்டமில்லாமல் போகும். ஆனால் 4,561 மி.மீ. நீளமும் 521 லிட்டர் டிக்கியும் உங்கள் முதல் கார் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கானவை. ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே தினமும் நுழைக்க வேண்டியவர் உங்கள் மனைவி, அவரையும் கேளுங்கள்.

விலையில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. விலை 10,10,000 என்றால் வரி 1,81,800. அதாவது 20,000 ரூபாய் கூடுதல் விலையுள்ள வேரியண்ட்டுக்கு வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுதல். சன்ரூஃப் ஒன்றுக்காக அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். அந்தப் பணத்தில் நாலு நல்ல டயரும் இரண்டு குழந்தை இருக்கைகளும் வாங்கிவிடலாம்.

அடுத்தது டெஸ்ட் டிரைவ். ஞாயிறு காலை 7 மணிக்கு எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். வார நாளில் மாலை 6 மணிக்குப் போங்கள், அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா உட்காரப் போவது முன்சீட்டில், எனவே அதைத்தான் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து அவரை உட்காரச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து போனால் எழுந்திருக்கும்போது கதவையோ டேஷ்போர்டையோ பிடித்து இழுத்துக்கொண்டுதான் எழ வேண்டியிருக்கும். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லாருமே சமாளித்துவிடுவார்கள், மூன்றாவது முறைதான் உண்மை தெரியும்.

பிறகு நீங்கள் ஓட்டுங்கள். கத்திப்பாரா மேம்பாலத்தின் வட்டப்பாதையில் 40 கி.மீ. வேகத்தை மாற்றாமல் ஒரு சுற்று போனால் போதும். ஸ்டீயரிங் ஒரே பிடியில் நிற்கிறதா, நடுவழியில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா என்பதில் அந்தக் காரின் குணம் தெரிந்துவிடும்.

எங்கள் தீர்ப்பு: அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்கினால், வரிக்கோட்டைத் தாண்டாத ஐ20 என் லைன் மேனுவல். அதில் அவர் சிரமப்பட்டு ஸ்விஃப்ட்டில் எளிதாக இருந்தால் யோசிக்காமல் ஸ்விஃப்ட்.

கேள்வி: குழந்தை இருக்கை எல்லாக் காரிலும் பொருந்துமா? மகளுக்கு 2 வயது. ஸ்போர்ட்டியான கார் என்றால் குழந்தைக்கு வாந்தி வரும் என்கிறார்களே?
– வாசகி, அடையாறு

பதில்: இருக்கையைக் கையோடு ஷோரூமுக்கு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பின்சீட்டின் சாய்மானமும் அடிப்பகுதியும் சேரும் இடுக்கில் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கும். குழந்தை இருக்கையை மாட்டும் அவைதான் ஐசோஃபிக்ஸ். சில காரில் விரல் நுழையாத அளவுக்கு மெத்தைக்குள் புதைந்திருக்கும். தினமும் கழற்றி மாட்டுகிறவருக்கு அது பெரிய அவஸ்தை. குழந்தை இருக்கையின் மேல் பட்டைக்கான கொக்கி சாய்மானத்தின் பின்புறம் இருக்கும். ஹேட்ச்பேக்கில் டிக்கித் தட்டு அதற்குக் குறுக்கே வருகிறதா என்று பாருங்கள்.

2 வயதில் பின்பக்கம் பார்த்த இருக்கைதான் கழுத்துக்குப் பாதுகாப்பு. அதற்கு முன்சீட்டை நகர்த்த வேண்டிவரும். நகர்த்திய பிறகு முன்னால் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா? சின்னக் காரில் பெரும்பாலும் இங்கேதான் கணக்கு உதைக்கும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் பை இருக்கையின் முதுகில் அடித்துக் குழந்தையின் தலையைத்தான் தாக்கும். மூத்த பிள்ளை இருந்தால் 150 செ.மீ. உயரம் வரும்வரை, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை வேண்டும். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் படிய வேண்டும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையில் கிடக்க வேண்டும்.

வாந்திக்குக் காரணம் இறுக்கமான சஸ்பென்ஷன் அல்ல. நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக மெதுவாகத் தொட்டில்போல் ஆடும் வண்டிதான் அதிகம் குமட்டும். காது உணரும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் பொருந்தாமல் போவதால் வருவது அது. பின்கதவுக் கண்ணாடி சின்னதாக, மேலேறி இருக்கும் கார்களில் குழந்தைக்கு முன்சீட்டின் முதுகுதான் தெரியும். அவள் உட்காரும் உயரத்துக்கு உங்கள் தலையைத் தாழ்த்தி, வெளியே என்ன தெரிகிறது என்று பாருங்கள். மற்றபடி பிரேக்கை முன்கூட்டியே தொட்டு, நிற்கும் கடைசி நொடியில் லேசாக விடுங்கள். பாதி வாந்தி அதிலேயே குறையும்.

கேள்வி: 2016 மாடல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. பழைய கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: 105 குதிரைத்திறன், டி.எஸ்.ஜி. என்ற 7 கியர் ஆட்டோமேட்டிக். ஓட்டுவதற்கு இன்றும் தனிச் சுகம். பின்சீட்டு குறுகல், இரண்டு குழந்தைகளுக்குச் சரி. கவலை அந்த கியர்பாக்ஸைப் பற்றித்தான். அதில் எண்ணெயில் மூழ்காத இரண்டு உலர் கிளட்ச்கள் இருக்கின்றன. ஓ.எம்.ஆர். நெரிசலில் அடி அடியாக ஊர்ந்து போகும்போது அவை முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், தேயும். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு, இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. ஒரு பக்கம் போனால் அந்த வரிசை முழுவதும் போய்விடும். கியர்களை இயக்கும் மெகட்ரானிக் பெட்டி பழுதாவதும் அடிக்கடி கேள்விப்படுவதுதான், அதன் செலவு லட்சத்தை நெருங்கலாம்.

அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடேறிய பிறகு சோதியுங்கள். 1-லிருந்து 2-க்கு மாறும்போது உடம்பு நடுங்குகிறதா? சரிவில் நிறுத்தி பிரேக்கை விட்டதும் தயங்கித் தயங்கி நகர்கிறதா? மீட்டரில் கியர் எழுத்து மினுக்கினால் அத்தோடு திரும்பிவிடுங்கள். எதுவுமில்லை என்றாலும் ஸ்கேனர் போட்டுக் கோளாறுக் குறியீடுகளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எங்கள் ஆலோசனை, 2020 முதல் 2022 வரை வந்த 1 லிட்டர் டி.எஸ்.ஐ. 6 கியர் மேனுவலைத் தேடுவது. 110 குதிரைத்திறன், இந்தத் தலைவலி இல்லை.

உங்கள் பகுதியில் பழைய கார் வாங்கும் யாரும் வெள்ளத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகள் பளபளவென்று கழுவப்பட்டு இன்னும் சந்தையில் இருக்கின்றன. முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உருளையில் சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழம் பட்டையைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே காப்பிக் கறைபோல ஒரு கோடு தெரிந்தால் அது தண்ணீர் நின்ற உயரம். அடுத்து சீட்டின் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், தரைவிரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சில் ஊறிய நாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். மின்னணுக் கோளாறு ஒவ்வொன்றாகத் தலைதூக்கும், அதில் ஏர்பேக்கும் அடக்கம்.

கேள்வி: அழகுக்காகவும் பிடிமானத்துக்காகவும் ஸ்விஃப்ட்டுக்கு 17 அங்குல அலாய் போட நினைக்கிறேன்.
– வாசகர், பெரும்பாக்கம்

பதில்: வேண்டாம். 15 அங்குலச் சக்கரத்துக்கான 185/65 ஆர்15 டயரின் பக்கச் சுவர் உயரம் 120 மி.மீ. 195/55 ஆர்16 என்றால் 107. நீங்கள் சொல்லும் 17 அங்குலத்துக்கு 205/45 போட்டால் 92 மி.மீ.தான் மிஞ்சும். மழையில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். அது குட்டையானால் டயர் வீங்கும், அலாயில் விரிசல் விழும். சக்கரத்தின் எடையும் கூடுவதால் வண்டியின் சுறுசுறுப்புதான் குறையும். 16 அங்குலம்வரை போகலாம், மொத்த விட்டம் மாறாது. பிடிமானம்தான் நோக்கம் என்றால் இருக்கிற அளவிலேயே நல்ல டயர் வாங்கி, பக்கவாட்டு நாலு இலக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் பாருங்கள். 2225 என்றால் 2025-இன் 22-ஆவது வாரம்.

உங்கள் பகுதிக்கு இன்னொன்றும் அவசியம். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்கிறீர்களா? தேய்மானக் கழிவில்லாத பாலிசி மட்டும் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு வந்தால் போகாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரிப் பதிவு உள்ள கார் மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: சென்னையில் வசித்துக்கொண்டு அப்படியே ஓட்ட முடியாது. தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் 35. அதோடு வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுள் வரி. அந்த வரியைச் சேர்த்துக் கூட்டிவிட்டு விலை பேசுங்கள். சான்று கைக்கு வருவதற்குள் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டாவது கார் வாரம் முழுக்க நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடுகிறது.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு அணைப்பதால் பயனில்லை, அதற்குள் பேட்டரி போதுமான அளவு ஏறாது. வாரம் ஒரு முறை 30 நிமிடம் ஓட்டுங்கள், கடைசியில் நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். கடல் காற்றில் டிஸ்க்கில் படியும் துரு அப்போது உரசிப் போகும். ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வந்தும் இறங்கினால், பூட்டிய பிறகும் மின்சாரம் இழுக்கும் டேஷ்கேம் போன்றவற்றைச் சந்தேகப்படுங்கள். நாள் கணக்கில் நிறுத்தும்போது சமதளத்தில் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு வைத்தால் பின் பிரேக் ஒட்டிக்கொள்ளும். பானெட்டை வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். நின்ற வண்டியின் ஒயர்தான் எலிக்கு முதல் பலி.