மகள் இயற்பியலும் கேட்கிறாள், ஓவியமும் கேட்கிறாள்

அன்புள்ள அம்மா,

அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராயும் துகள் இயற்பியலை வைத்துக் கலைப்படைப்புகள் செய்யப்போவதாகப் பள்ளி முடிக்கவிருக்கும் மகள் சொல்கிறாள், இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் தரும் வேலையாக அல்ல.

ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் 2011 முதல் கலைஞர்களை அழைத்து, உதவித்தொகை கொடுத்து, விஞ்ஞானிகளோடு கொஞ்ச காலம் தங்க வைக்கிறது. இதை ரெசிடென்சி என்பார்கள். ஜப்பானியக் கலைஞர் ரியோஜி இகேடா அப்படித் தங்கியவர். ‘செமிகண்டக்டர்’ என்ற பெயரில் இயங்கும் பிரிட்டிஷ் கலைஞர்கள் இருவரும் அங்கே தங்கினார்கள். செர்னில் துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் அட்லஸ் கருவியில் கிடைத்த புரோட்டான் மோதல் தரவுகளை ஒளியாகவும் கம்பிகளின் ஒலியாகவும் மாற்றும் ‘ஹேலோ’ என்ற பெரிய வட்ட அமைப்பை 2018-ல் காட்சிக்கு வைத்தார்கள். அமெரிக்காவின் துகள் இயற்பியல் ஆய்வகமான ஃபெர்மிலேபும் கலைஞர்களை அழைத்திருக்கிறது. இகேடாவும் இவர்களும் அங்கே போவதற்கு முன்பே பல ஆண்டுகள் படைப்புகள் செய்தவர்கள். எனவே ரெசிடென்சியை உங்கள் மகளின் முதல் வேலையாக நினைக்க வேண்டாம். பிற்பாடு கிடைக்கக்கூடிய வாய்ப்பு அது.

அதுவரை வருமானத்துக்கு அறிவியல் அருங்காட்சியகக் காட்சி வடிவமைப்பு, அறிவியல் இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைதல், தரவுகளைக் காட்சிப்படுத்துதல், கற்பித்தல் ஆகிய வழிகள் உள்ளன. இந்தத் துறையில் பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள்.

எதைப் படிப்பது என்பதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடுவதில் அவளுக்குச் சலிப்பு இல்லையென்றால் முதல் பட்டம் இயற்பியலில் இருக்கட்டும். கூடவே ஓர் ஓவிய ஆசிரியரிடம் விடாமல் பயிற்சி தொடரட்டும். கலையை முதுகலையில் முறையாகப் படிக்கலாம். லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் போன்ற இடங்களில் கலையையும் அறிவியலையும் இணைக்கும் முதுகலைப் படிப்பே உண்டு. நுண்கலை படித்துவிட்டுப் பிறகு குவாண்டம் இயக்கவியலுக்குத் திரும்புவது இதைவிடக் கடினம். சமன்பாடுகளைக் கண்டாலே அவள் ஒதுங்குகிறாள் என்றால் நுண்கலையே சரி. அதற்காக வருந்த வேண்டியதில்லை.

இயற்பியலை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. துகள்கள் கடந்துபோன தடத்தைத் திரவத்தில் குமிழிகளாகக் காட்டும் குமிழி அறை என்ற பழைய கருவியில் எடுத்த புகைப்படங்களை அவளோடு சேர்ந்து பாருங்கள். சுருள் சுருளாகக் கோடுகள் தெரியும். காந்தப்புலத்தில் நேர்மின் துகள் ஒரு பக்கம் வளையும், எதிர்மின் துகள் மறுபக்கம் வளையும். ஆற்றலை இழக்க இழக்க வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். சில படங்களில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து இரண்டு கோடுகள் எதிரெதிராகப் பிரியும். அந்த இடம் வரை ஃபோட்டான் என்ற ஓர் ஒளித்துகள் வந்து, எதிர்மின் எலெக்ட்ரானாகவும் அதன் நேர்மின் இணையான பாசிட்ரானாகவும் மாறியிருக்கிறது. மின்னூட்டம் இல்லாததால் ஃபோட்டான் தடம் விடவில்லை. இது தெரியாதவருக்கு அந்த வெற்றிடம் பின்னணி மட்டுமே. தெரிந்தவர் படத்தின் மையத்தையே அங்கே வைப்பார். விஞ்ஞானிகள் தங்கள் நேரத்தை மனமுவந்து கொடுப்பதும் இப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான்.

இரண்டும் ஒருவருக்குக் கைகூடுமா என்று கேட்டீர்கள். ஃபெர்மிலேபின் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் இயற்பியலாளர், சிற்பியும்கூட. அந்த ஆய்வக வாசலில் நிற்கும் ‘முறிந்த சமச்சீர்’ என்ற மூன்று கால் வளைவு அவர் செய்தது. நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டுமே அது சமச்சீராகத் தெரியும். சமச்சீராக இருந்த ஒன்று அதை இழப்பதைக் குறிக்கும் சமச்சீர் முறிவு, துகள் இயற்பியலின் ஆணிவேரான கருத்துகளில் ஒன்று. அதை உணர அங்கே வருபவர் தாமே நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். செர்ன் தன் சோதனைத் தரவுகளில் ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு துகள் மோதலை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் வைத்துப் பத்துப் பதினைந்து படங்கள் செய்யட்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும், எந்தத் தடம் எந்தத் துகளுடையது என்ற குறிப்பும் எழுதட்டும். தவறிப்போன படங்களைத் தூக்கிப் போட விடாதீர்கள். கலைக் கல்லூரி நேர்முகத்தில் ஒரு யோசனை எப்படி வளர்ந்தது என்று கேட்டால், அவற்றைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.