சந்தாவை இப்போதைக்கு உயர்த்தாதீர்கள்

உங்கள் சேவை மன்றத்துக்கு 2023-24இல் பெரிய உபரி, அடுத்த இரண்டு வருடமும் பற்றாக்குறை, அதனால் சந்தாவை உயர்த்தலாம் என்கிறீர்களே, சந்தா குறைவாக இருப்பது அதற்குக் காரணமாக இருக்காது. மிக்ஜாம் புயலுக்காக டிசம்பரில் வசூலித்த நன்கொடை முழுவதும் அந்த ஆண்டின் வருமானத்தில் ஏறியிருக்கும். வேளச்சேரியில் படுக்கப் பாய், நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்கிக் கொடுத்த செலவு, மார்ச் தாண்டி அடுத்த இரண்டு வருடக் கணக்கில் விழுந்திருக்கும்.

மூன்று வருடக் கணக்கிலும் நிவாரண வரவு, செலவு இரண்டையும் பென்சிலால் அடித்துவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள். சந்தா, ஹால் வாடகை, ஆடிட்டர் கட்டணம் மட்டும் நிற்கும். அதிலும் துண்டு விழுந்தால், சரி, பொதுக்குழுவில் சந்தாவைப் பேசலாம்.

நிவாரணப் பணத்தில் மிச்சம் இருந்தால் அதை எடுத்து வாடகை கட்டவே கூடாது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்காக நம்பிக் கொடுத்த பணம் அது. தனி நிதியாகக் காட்டும்படி ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.